நூறு பேர் கூடிய இடம்

சித்திரக் கதைப் புத்தகம் என்றால் நம் வீடுகளில் பெரியவர்களுக்கு ஒரு முகச்சுளிப்பு உண்டு. பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிக்கிற சமாசாரம் அல்லவா? ஆனால் இந்த முகச்சுளிப்பு விஷயத்தில் அமெரிக்கப் பெரியவர்கள் நம்மவர்களை வெகு தூரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். 1940-களின் பிற்பகுதியில் அந்நாட்டின் சில ஊர்களில் காமிக்ஸ் புத்தகங்களைக் குவித்து நெருப்பு வைத்தார்கள். 1954-ல் பிரெடரிக் வெர்த்தம் என்னும் மனநோய் வைத்தியர், குழந்தைகள் கெட்டுப் போவதற்கு இவையே காரணம் என்று ஒரு பெரிய நூல் எழுதினார். அதே வருஷத்தில் செனட் சபையின் உபகமிட்டி ஒன்று கூடிச் சாட்சிகளை விசாரித்தது. பிரசுரகர்த்தர்கள் நடுநடுங்கிப் போய், சர்க்கார் சட்டம் செய்வதற்கு முன்னால் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதியைச் செய்து மாட்டிக்கொண்டார்கள்.

இத்தனை அமர்க்களத்துக்கும் நடுவில், அந்தப் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்த பையனின் நிலைமையைச் சற்று யோசித்துப் பாருங்கள். பிற்காலத்தில் பெரிய எழுத்தாளராகப் பெயர் பெற்ற ரே பிராட்பரி தம்முடைய பால்யத்தைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வதுண்டு. 1929-ல் அவருக்கு ஒன்பது வயது. பத்திரிகையில் தினந்தோறும் வெளியான பக் ராஜர்ஸ் என்ற சித்திரக் கதையைக் கத்தரித்துச் சேர்த்து வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துத் தோழர்கள் பரிகாசம் செய்தார்கள். வெட்கம் தாங்காமல் சேர்த்ததை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டார். பிறகு மனம் கேட்கவில்லை. அழுது தீர்த்துவிட்டு, பரிகசித்தவர்கள் தமக்குச் சிநேகிதர்களே அல்ல என்று முடிவு செய்து, முதலிலிருந்து மறுபடியும் சேர்க்கத் தொடங்கினார். அந்தப் பையனுக்கு வேண்டியிருந்தது தனக்குப் பிடித்தது பிடிக்கிற இன்னொரு ஆத்மா, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட ஆத்மாக்கள் ஓரிடத்தில் கூடுவதற்கு 1964-ம் வருஷம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் ஜூலையில் நியூயார்க்கில் ஒரே ஒரு நாள், ஒரு சிறு கூட்டம் நடந்தது. இன்று உலகப் பிரசித்தி பெற்றுவிட்ட நாவலாசிரியர் ஜார்ஜ் மார்ட்டின், அன்று பதினைந்து வயதுப் பையன். அந்தக் கூட்டத்துக்கு முதன் முதலில் சீட்டு வாங்கியவன் தானே என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஆனால் நாம் இங்கே பேசப் போவது இந்த நியூயார்க் கூட்டத்தைப் பற்றி அல்ல. தேசத்தின் மறு கோடியில், கலிபோர்னியாவின் தென் கோடித் துறைமுகப் பட்டினமாகிய ஸான் டியாகோவில், 1970-ல் ஆரம்பித்த ஒரு கூட்டத்தைப் பற்றி.

ஷெல் டார்ப் என்பவர் டெட்ராய்ட் நகரத்திலிருந்து அங்கே குடியேறியவர். தம்முடைய பழைய ஊரில் இப்படிப்பட்ட கூட்டங்களை நடத்தி அநுபவப்பட்டவர். புதிய ஊரில் அவருக்குக் கிடைத்த சகாக்கள் பெரும்பாலும் மீசை முளைக்காத பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் ஒருவராகிய ரிச்சர்ட் ஆல்ப், பழைய காமிக்ஸ்களைத் தபாலில் விற்றுச் சம்பாதித்த பணத்தைக் காரியத்துக்குக் கொடுத்து உதவினார். பெரிய மனுஷர் என்று சொல்ல, கென் க்ரூகர் என்னும் புத்தகக் கடைக்காரர் இருந்தார். முந்தைய வருஷக் கடைசியில் டார்ப் இந்தப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஜாக் கிர்பி என்ற சித்திரக்காரரின் வீட்டுக்குப் போய் வந்தார். ஆராதித்து வந்த மனிதரின் வீட்டுக்குள் நுழைந்து, அவர் வரைகிற மேஜையைப் பார்த்து, அவரோடு பேசிவிட்டு வந்த பிள்ளைகளுக்குக் கால் தரையில் பாவியிருக்குமா என்பது சந்தேகம்.

1970 மார்ச்சு 21-ந் தேதி, ஜனாதிபதி கிராண்டின் புதல்வர் கட்டிய பழைய ஹோட்டலின் அடித்தளத்தில், வெள்ளோட்டமாக ஒரு நாள் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் சுமார் நூறு பேர். ஆகஸ்டில் அதே ஹோட்டலில் மூன்று நாள் மகாநாடு நடத்தினார்கள். வந்தவர்கள் முந்நூறு பேர். ஜாக் கிர்பி வந்தார். ரே பிராட்பரியும் வந்தார். பக் ராஜர்ஸ் படங்களைக் கிழித்துப் போட்டு அழுத பையன் நாற்பது வருஷம் கழித்துத் தன் ஜனங்களிடம் வந்து சேர்ந்துவிட்டான்!

முந்நூறு பேர் கூடியதை மகாநாடு என்று சொல்லலாமா என்று சிலர் சிரிக்கக்கூடும். நம்முடைய காங்கிரஸ் மகாசபை 1885-ல் பம்பாயில் ஒரு சம்ஸ்கிருதக் கலாசாலையில் கூடியபோது பிரதிநிதிகளின் தொகை 72. ஆகவே தலையை எண்ணிச் சிரிப்பதில் நமக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை.

பிறகு நடந்தது ஒரே பெருக்கந்தான். 1980-ல் ஐயாயிரம் பேர். 2000-ல் 48,500 பேர். 2010-ல் ஒரு லட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேல். ஹோட்டல் அடித்தளம் போதாமல் வேறு ஹோட்டல், அதுவும் போதாமல் நகரத்து மண்டபம், அதுவும் போதாமல் 1991-ல் துறைமுகத்தின் ஓரமாகப் புதிதாய் எழுந்திருந்த மாபெரும் மகாநாட்டு மாளிகை என்று இடம் மாறிக்கொண்டே போயிற்று. இப்போது அந்த மாளிகையும் போதவில்லை. அதற்கு மேல் ஜனங்களை விடக்கூடாது என்று கட்டுப்பாடு இருப்பதனால்தான் தொகை நின்றிருக்கிறதே ஒழிய, வருகிறவர்களின் ஆசை நிற்கவில்லை.

இந்தத் திருவிழாவுக்குப் போவது எப்படி என்று கேட்டால், முதலில் அதிர்ஷ்டம் வேண்டும். வாசலில் நின்று சீட்டு வாங்குவதெல்லாம் பழங்கதை. மாதக்கணக்கில் முன்னதாகவே பெயரைப் பதிவு செய்துகொண்டு, குறித்த நாளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யந்திரம் யாரைக் கூப்பிடுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் விற்றுப் போய்விடும். சுயம்வர மண்டபத்து ராஜகுமாரர்கள் கூட இவ்வளவு நெஞ்சுத் துடிப்புடன் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அதிர்ஷ்டம் உள்ளவர்களுக்கு ஓர் அடையாளச் சீட்டு வருகிறது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஜூலை மாதத்து வெயிலில் மாளிகையை நோக்கி நடந்தால், ரயில் பாதையைத் தாண்டுகிற இடத்திலேயே பூலோகம் முடிந்துவிடுகிறது. அப்பால் இருப்பது வேறு லோகம். வௌவால் வேஷம் போட்ட மனிதர் தம்முடைய கைக்குழந்தைக்கும் வௌவால் வேஷம் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிறார். உடம்பெல்லாம் பச்சைச் சாயம் பூசிக்கொண்ட ராட்சசர் ஒருவர், வழி விட்டவர்களுக்கு மிக விநயமாக வந்தனம் சொல்கிறார். கத்தி, கேடயம் வைத்திருப்பவர்களை நிறுத்திப் பரிசோதித்து, இது நிஜ ஆயுதம் அல்ல என்று அடையாளம் கட்டி அனுப்புவதற்குத் தனியாக ஓர் இடமே இருக்கிறது. எந்தக் கச்சவடக்காரரும் இவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்து தாங்களே தைத்து, ஒட்டி, வர்ணம் பூசிக்கொண்டு வருகிறார்கள்.

ஆனால் அந்த மாளிகையில் எல்லாரும் பேசுவது ஒரே ஓர் இடத்தைப் பற்றி. அதற்கு 'ஹால் எச்' என்று பெயர். ஆறாயிரத்து ஐந்நூறு பேர் உட்காரலாம். ஹாலிவுட் படக் கம்பெனிகள் தங்களுடைய வரப்போகிற படங்களின் துணுக்குகளைக் காட்டுவதும், நட்சத்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்துவதும் அங்கேதான். அதற்குள் நுழைவதற்காக முதல் நாள் இரவே வெளியே புல் தரையில் படுக்கையை விரித்துப் படுத்துக்கொள்கிறார்கள். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. ஒரு நிகழ்ச்சி முடிந்தால் உள்ளே இருப்பவர்களை எழுப்பி வெளியே அனுப்புவதில்லை. ஆகையால் மாலை நிகழ்ச்சிக்கு ஆசைப்பட்டவர் காலையிலேயே புகுந்து இடம் பிடித்துக்கொண்டு, நடுவில் நடக்கிற சம்பந்தமற்ற நிகழ்ச்சிகளை எல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறார். அந்த நடு நிகழ்ச்சிக்காகவே வந்தவரோ வெளியே வெயிலில் நின்றுகொண்டிருக்கிறார். கல்யாணக் கச்சேரியில் பாட்டுக்கு வந்தவர்கள் பந்தலுக்கு வெளியேயும், பந்திக்கு வந்தவர்கள் முன் வரிசையிலும் இருப்பதை நாம் பார்த்ததில்லையா?

இதனால்தான் பழைய ஆசாமிகளுக்குக் கோபம் வருகிறது. "காமிக்ஸுக்காக ஆரம்பித்த மகாநாட்டில் காமிக்ஸ் எங்கே? சினிமாக்காரன் வந்து கூடாரத்தைப் பிடித்துக்கொண்டான், நாம் ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த அராபியனாகிவிட்டோம்" என்று புலம்புகிறார்கள். அவர்களுடைய புலம்பலில் நியாயம் இல்லாமற் போகவில்லை. 44 வருஷம் தவறாமல் அங்கே கடை வைத்த கொலராடோ மாகாணத்துப் பழைய காமிக்ஸ் வியாபாரி ஒருவர், செலவு கட்டுப்படியாகவில்லை என்று 2017-ல் விலகிக்கொண்டார். பழைய புத்தகம் நிறைந்த அட்டைப் பெட்டிகளின் முன்னால் குனிந்து நின்று, தேடிய இதழைக் கண்டெடுக்கிற ஆனந்தத்துக்காக வந்தவர்களுக்கு அது ஒரு தூண் சாய்ந்த மாதிரி இருந்தது.

இருந்தாலும் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், சினிமாக்காரன் பிற்பாடு வந்து புகுந்த அந்நியன் அல்ல என்று தெரிகிறது. 1970 மார்ச்சில் நடந்த முதல் கூட்டத்துக்கே, சினிமாப் பேய் பிசாசுகளைப் பற்றிப் பத்திரிகை நடத்திய பாரஸ்ட் அக்கர்மன் என்பவர்தான் ஒரு முக்கிய விருந்தாளி. காமிக்ஸ், விஞ்ஞானக் கதை, சினிமா ஆகிய மூன்றும் ஆதியிலிருந்தே ஒரே பந்தியில் உட்கார்ந்தவை. 1976-ல் சார்ல்ஸ் லிப்பின்காட் என்பவர் வந்து, இன்னும் வெளிவராத ஒரு படத்தைப் பற்றிச் சில நிழற்படங்களைத் திரையில் போட்டுக் காட்டினார். அந்தப் படத்தைக் காமிக்ஸாக எழுதப் போகிற ராய் தாமஸும், வரையப் போகிற ஹோவர்ட் சேக்கினும் கூடவே இருந்தார்கள். படத்தின் பெயர் 'ஸ்டார் வார்ஸ்'. ஹாலிவுட்டில் பலரும் அதைப் பொருட்படுத்தாத காலத்தில், படம் விற்க வந்தவர் வாசகர்களின் வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டினார். இப்போதோ வாசகர் புல் தரையில் படுத்துக் கிடந்து படம் விற்பவரின் கதவு திறப்பதற்காகக் காத்திருக்கிறார். மாறியிருப்பது இதுதான். சினிமா வந்தது பெரிதல்ல. யார் யாருடைய வாசலில் நிற்பது என்பது தலைகீழாகிவிட்டது.

இந்த வித்தியாசத்தைச் சாமானியமாக நினைத்துவிடக்கூடாது. சித்திரக் கதைத் தொழிலில், வரைந்தவனுக்கும் வாசகனுக்கும் நடுவில் எப்பொழுதுமே ஒரு முதலாளி உட்கார்ந்திருந்தான். ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் 'ஸூபர்மேன்' என்னும் வீரனைச் சிருஷ்டித்து, 1938-ல் அவன் மேலுள்ள சகல உரிமைகளையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். வீரன் ஆகாயத்தில் பறந்தான், கம்பெனி கோடீசுவரனாயிற்று, எழுதியவரும் வரைந்தவரும் முதுமையில் வறுமையில் தவித்தார்கள். வரைந்த ஷஸ்டருக்குக் கண் பார்வையும் மங்கிப் போயிற்று. 1975-ல் ஸான் டியாகோ மகாநாடு இருவருக்கும் விருது அளித்துக் கௌரவித்தது. அதே வருஷம் சீகல் தம்முடைய துயரத்தை உலகம் அறியப் பத்திரிகைகளுக்கு எழுதினார். நீல் ஆடம்ஸ், ஜெரி ராபின்ஸன் முதலிய சித்திரக்காரர்கள் அவர்களுக்காகப் போராடினார்கள். 'ஸூபர்மேன்' சினிமா எடுக்கப் பெரும் பணம் செலவழிக்க இருந்த கம்பெனி, டிசம்பரில் இருவருக்கும் வருஷத்துக்கு இருபதினாயிரம் டாலர் உபகாரச் சம்பளம் கொடுக்கவும், அவர்கள் பெயரை மறுபடி போடவும் சம்மதித்தது.

முதல் மகாநாட்டின் விருந்தாளி ஜாக் கிர்பியின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. ஏழைத் தையற்காரத் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். ஜோ ஸைமனுடன் சேர்ந்து அவர் சிருஷ்டித்த 'காப்டன் அமெரிக்கா'வின் முதல் இதழ் 1940 டிசம்பரில் கடைக்கு வந்தது. மேலட்டையில் அந்த வீரன் ஹிட்லரின் தாடையில் ஒரு குத்து விடுகிறான். அமெரிக்கா யுத்தத்தில் இறங்குவதற்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. சர்க்காருக்கு வராத துணிச்சல் சித்திரக்காரருக்கு வந்துவிட்டது. பிற்பாடு தாமே சிப்பாயாகி ஐரோப்பாவில் போரிட்டார். அப்படிப்பட்டவர், தம் கையால் வரைந்த மூலச் சித்திரங்களைத் திருப்பித் தரும்படி 1980-களில் கம்பெனியிடம் மன்றாட வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு ஒரு பக்கப் பத்திரம். அவருக்கு மட்டும் நாலு பக்கப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். சக சித்திரக்காரர்கள் விண்ணப்பம் எழுதி ஊரறியச் செய்த பிறகு, 1987-ல் ஏறக்குறைய இரண்டாயிரம் பக்கங்கள் திரும்பி வந்தன. அவர் வரைந்ததோ அதைப் போல் பல மடங்கு. 1994-ல் அவர் காலமானார். அவருடைய வாரிசுகளும் கம்பெனியும் சமரசமானது 2014-ல்தான்.

கிர்பியின் வீரர்களை வைத்து எடுத்த படங்களுக்குத்தான் ஹால் எச்-ல் கூரை அதிரும்படி கை தட்டுகிறார்கள். கை தட்டட்டும், நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கிர்பி உயிரோடு இருந்த காலத்தில், அந்த மகாநாட்டில் எந்தச் சிறுவனும் நேரே அவரிடம் போய்ப் பேச முடிந்தது. அவரும் சளைக்காமல் பதில் சொல்லுவார் என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள். கம்பெனி தராத கௌரவத்தை அந்தப் பிள்ளைகள் தந்தார்கள். அந்தச் சம்பாஷணைக்கு இடம் இருக்கிறவரையில் மகாநாடு எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கட்டும் என்பது நம்முடைய அபிப்பிராயம். அதற்கு இடம் இல்லாவிட்டால் மறுபடியும் முந்நூறு பேராகச் சுருங்கினாலும் பிரயோஜனம் இல்லை.

2023-ல் இதைச் சோதித்துப் பார்க்கத் தற்செயலாக ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. அந்த ஜூலையில் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் ஒருங்கே வேலை நிறுத்தம் செய்தார்கள். பெரிய படக் கம்பெனிகள் பல வரவில்லை. நட்சத்திரங்கள் வர முடியவில்லை. ஹால் எச்-ன் வாசலில் புல் தரை புல் தரையாகவே இருந்தது. மகாநாடு படுத்துவிடும் என்று ஜோசியம் சொன்னவர்கள் ஏமாந்து போனார்கள். ஜனங்கள் வழக்கம் போலவே வந்தார்கள். கால்கள் சித்திரக்காரர்களின் மேஜைப் பக்கம் திரும்பின. பழைய ஆசாமிகளின் முகத்திலும் சற்றுக் களை வந்தது.

பெருத்த ஸ்தாபனத்துக்கு வழக்கு வியாஜ்யம் இல்லாமல் இருக்குமா? 'காமிக்-கான்' என்ற பெயர் எங்களுடையது, ஸால்ட் லேக் நகரத்தார் அதை எடுத்துக்கொண்டார்கள் என்று 2014-ல் ஸான் டியாகோ ஸ்தாபனம் வழக்குத் தொடுத்தது. காமிக்ஸ் மகாநாட்டை வேறு எப்படிச் சுருக்கிச் சொல்வது என்று எதிராளிகள் கேட்டார்கள். 2017-ல் ஜூரிகள் ஸான் டியாகோவின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். நஷ்ட ஈடு இருபதினாயிரம் டாலர். வக்கீல்களுக்கு ஆன செலவு லட்சக்கணக்கில். இத்தனைக்கும் இது லாபத்துக்காக நடத்தப்படும் கம்பெனி அல்ல என்று ரிஜிஸ்டர் செய்யப்பட்ட ஸ்தாபனம். ஆகவே இதில் யாருக்கு லாபம் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நம் தேசத்திலும் இந்த விதை விழுந்திருக்கிறது. 2011-ல் டில்லி ஹாட்டில் தொடங்கிய காமிக் கான், 2024 பிப்ரவரியில் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. அவர்களுக்குப் பக் ராஜர்ஸ் பையனின் துக்கம் விளங்கும். வேஷங்களும் விளையாட்டுச் சாமான் கடைகளும் நமக்குச் சீக்கிரமாகவே வந்துவிட்டன. தமிழில் கதை எழுதிச் சித்திரம் போடுகிறவர்களுக்கு எத்தனை மேஜை என்பதை அடுத்த முறை போகிறவர்கள் எண்ணிப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

ஸான் டியாகோவுக்கே போகிற பாக்கியம் வாய்த்தவர்களுக்கு ஒரு யோசனை. கண்காட்சி மண்டபத்தில், தொலைக்காட்சிக் கம்பெனிகளின் கோபுரங்களையும், ராட்சத பொம்மைகளையும், வாசலில் கொடுத்த பிரம்மாண்டமான பையைத் தூக்கிக்கொண்டு தள்ளாடுகிற ஜனங்களையும் தாண்டி நடந்துகொண்டே இருங்கள். சிறு சிறு மேஜைகள் வரிசையாகப் போட்ட பகுதி ஒன்று வரும். 'ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆலி', அதாவது சித்திரக்காரர் சந்து என்று அதற்குப் பெயர். வேலைத் திறமையைப் பார்த்துப் பொறுக்கி எடுத்தவர்களுக்கு அந்த மேஜைகளை வாடகை வாங்காமல் கொடுக்கிறார்கள். பென்ஸிலும் மையுமாகக் குனிந்து வரைந்துகொண்டே, எதிரில் நிற்பவருடன் பேசிக்கொண்டிருப்பார்கள். சனிக்கிழமை அங்கே போகாதீர்கள், நெரிசலில் மூச்சு முட்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கண்காட்சி மூடுகிறது. மூன்றரை, நாலு மணிக்குப் போனால் வரைகிறவருக்கும் கொஞ்சம் ஓய்வு இருக்கும், நின்று பேசலாம்.